பேச்சே இல்லாத படம்

படம் வெறுமையாக வந்தது. மூளை கறுப்பு வெள்ளையில் சுத்தமாகத் தெரிந்தது. அதன் மேல் மஞ்சளும் சிவப்புமாகக் கலர் விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் அந்த மண்டையைத் திறக்கப்போகிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாவது ஃபெயில். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி ஸ்கேன் சென்டருக்கு ஜெனரேட்டர் பார்க்க வந்தேன். அப்புறம் ஆளை டேபிளில் படுக்கவைக்கிற வேலை, அப்புறம் மிஷினை ஓட்டுகிற கன்சோல். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். டிகிரிக்காரர்கள் சமாளிக்க முடியாத ஆளை இன்றைக்கும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். நான் படுக்கவைத்த ஆள் தலையை அசைக்கமாட்டார். அந்தப் பெயர் எனக்கு உண்டு.

அன்றைக்கு வந்தவர் ரீத்தா. கருமத்தம்பட்டியில் தறிக்குடோனில் வேலை, நாற்பது வயது இருக்கும். மூளையின் இடது பக்கம் ஒரு கட்டி. முக்கால்வாசிப் பேருக்குப் பேச்சு அந்தப் பக்கம்தான் இருக்கும். கட்டியை ஒட்டி இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று நாங்கள் காட்டினால்தான் எவ்வளவு வெட்டலாம் என்று சர்ஜன் முடிவு செய்வார். அதற்கு எடுப்பதுதான் ஃபங்ஷனல் ஸ்கேன்.

ரீத்தாவின் வீட்டுக்காரர் உள்ளே அனுப்பும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, கட்டி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பரவால்லீங்க. பேச்சு மட்டும் போயிரக்கூடாதுங்க. அவ சத்தம் போடலீன்னா எங்க ஊட்ல அடுப்பே எரியாதுங்க."

முறை இதுதான். ஸ்கிரீனில் ஓர் எழுத்து வரும். அரை நிமிஷம் அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற வார்த்தைகளை வாய் அசைக்காமல் மனசுக்குள் சொல்ல வேண்டும். அடுத்த அரை நிமிஷம் கூட்டல் குறி வரும். அப்போது சும்மா இருக்க வேண்டும். இப்படியே மாறி மாறி. வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, ஓய்வைவிட வேலையில் எங்கே கூடுதலோ அங்கே கலர் போடும்.

"இடது பக்கம் ஒண்ணுமே இல்லையே? வலதுலயும் காணோம்" என்றார் டாக்டரம்மா. எங்கள் ரேடியாலஜிஸ்ட். "கட்டிக்குப் பக்கத்துல பேச்சு தெரியலைன்னுதான் எழுதணும்."

படிக்க அது சின்ன வரி. கத்தி பிடிக்கிறவருக்கு அது தைரியம். பேச்சு அங்கே இல்லை என்று நம்பி ஓரம்வரை வெட்டிவிடுவார்.

எவ்வளவு கூடுதல் இருந்தால் கலர் போடலாம் என்கிற கட்ஆஃபைக் குறைத்துப் பார்த்தேன். மண்டை முழுக்கப் புள்ளி தெறித்தது, கண்ணுக்குள்கூடக் கலர். அதை நம்பினால் வெறும் படத்தைவிடக் கேடு. ஆனால் அதே அம்மா, அதே மிஷின், அதே மணி நேரத்தில் கை அசைவுக்காகச் செய்த விரல் தட்டுகிற டாஸ்க் பளிச்சென்று வந்திருந்தது. அப்படியென்றால் மிஷின் சரி, ஆளும் தூங்கவில்லை, அசையவில்லை. பேச்சு மட்டும் எங்கே போனது?

"பத்து நிமிஷம் பொறுங்க டாக்டர்" என்று வெளியே ரீத்தாவிடம் போனேன்.

"அம்மணி, எழுத்து வந்தப்ப என்ன பண்ணுனீங்க?"

"நீங்க சொன்னாப்புல சொன்னனுங்கண்ணா. கத்திரிக்கா, கண்ணாடி, கருமத்தம்பட்டி..."

"சேரி, கூட்டல் குறி வந்தப்ப?"

"ஜெபம் சொன்னனுங்க. ஜெபமாலையத்தான் வெளியவே வாங்கி வெச்சுப்போட்டீங்க. கையையும் அசைக்கக்கூடாதுன்னீங்க. மனசுலயே எண்ணி எண்ணிச் சொன்னனுங்க."

"சும்மா இருக்கச் சொன்னனில்ல?"

"நீங்கதானுங்களே உள்ள தள்ளறப்ப, பயப்படாம சாமிய நெனச்சுக்கங்கன்னீங்க!"

"அவளையாவது, சும்மா இருக்கறதாவது" என்று வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையிலும் வார்த்தை, ஓய்விலும் வார்த்தை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன மிஞ்சும்? சாமியை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் எல்லாரையும் அசையாமல் படுக்கவைத்தேன். இதற்கு முன்னால் பேச்சுப் படத்துக்கு வந்த எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் போய், "தப்பு என்ர மேலதானுங்க" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடி எடுத்தா மட்டும் அந்தம்மா சும்மா இருப்பாங்களா?"

"இருக்கமாட்டாங்க. சும்மா இருக்கவே விடக்கூடாதுங்க. ஓய்வுக்குப் பதிலாக் கண்ணுக்கு வேலை குடுத்துப்போடலாம். வரிசையாக் கோடு காட்டுவோம். எந்தக் கோடு நடுவுல அறுந்திருக்குன்னு பாக்கட்டும். தறியில நாள் முச்சூடும் அறுந்த இழை பாக்கறவங்க. அதுக்கு அவங்களுக்கு வார்த்தை வேண்டியதில்லீங்க."

தறி ஓட்டினவனுக்குத்தான் அது தோன்றும். டாக்டரம்மா தலையசைத்தார். காத்திருந்த இரண்டு பேரிடம் கெஞ்சி நேரம் வாங்கினேன். ரீத்தாவுக்குத் தலைவலி தொடங்கியிருந்தது. இன்னொரு தடவை தாங்குவாரா என்று தெரியாது. "தறிச் சத்தத்துக்கு இது தேவலைங்க, தள்ளுங்க" என்றார். இந்த முறை நான் அவரிடம் சாமியைப் பற்றிச் சொல்லவில்லை. மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டது நான்தான்.

கணக்குப் போட்டு முடிக்கக் கம்ப்யூட்டர் எட்டு நிமிஷம் எடுத்தது. நின்றபடியே பார்த்தேன். கட்டியின் ஓரத்தை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்கு மஞ்சள் விழுந்தது. சந்தோஷப்படவா, பயப்படவா? பேச்சு கிடைத்துவிட்டது. ஆனால் கத்திக்கு அவ்வளவு பக்கத்தில். டாக்டரம்மா உடனே சர்ஜனுக்குப் போன் போட்டார்.

அந்த ஓரத்தைத் தொடாமல் விட்டுவிட்டுக் கட்டியை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் மாடிக்குப் போனேன். வார்டு வாசலில் வீட்டுக்காரர் தூக்குவாளியோடு நின்றார்.

"பேசறாங்களா?"

"பேசறாளாவா? இட்லி ஆறிப்போச்சுன்னு காத்தாலருந்து என்னையத் திட்டறாளுங்க. மெதுவாத்தான் வருது. ஆனா ஒரு வார்த்தை உடறதில்லீங்க."

தம்பிகளா, தங்கச்சிகளா, ஓய்வு என்று நாம் ஃபார்மில் எழுதினால் மூளை ஓய்வெடுக்காது. இப்போது ஆளை வெளியே எடுத்ததும், கூட்டல் குறி வந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்கிறேன். ஒருத்தர் மேட்டுப்பாளையம் பஸ்ஸை நினைத்தேன் என்பார், ஒருத்தர் மருமகளோடு சண்டை போட்டேன் என்பார். அதை அப்படியே எழுதிவிட்டுத்தான் படத்தைத் திறக்கிறேன்.