கழுதைப்புலிக் கிழவியின் பங்கு

முப்பது வருடம் கழுதைப்புலிகளோடு மல்லுக்கட்டியதில் அவருக்கு மிஞ்சியது தேய்ந்துபோன முழங்காலும், குளித்தாலும் போகாத வாடையும்தான். மிருகக்காட்சிசாலையில் எல்லோருக்கும் அவர் கழுதைப்புலி அண்ணன். பேரில் கழுதையும் இருக்கிறது, புலியும் இருக்கிறது, மரியாதைதான் இல்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போதெல்லாம் சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

சிங்கத்தைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் இங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டிவிடும். நின்று கேட்கிற ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் சொல்வார்: "ஆப்பிரிக்கா வம்சங்க. இங்க பொம்பளை ராஜ்ஜியம். ஆம்பளைங்க ரெண்டும் வாலைச் சுருட்டிக்கிட்டுதான் கெடக்கும். எங்க வீடு மாதிரியே."

அந்த ராஜ்ஜியத்துக்குத் தலைவி ஒரு கிழவி. சாயங்காலத் தீனிக்கு ஐந்தும் தனித்தனிக் கூண்டில் வரிசையாக நிற்கும். கயிற்றை இழுத்தால் உள்கதவு மேலே போகும், அந்தப் பக்கம் அதனதன் பங்குக் கறி இருக்கும். முதல் கதவு கிழவிக்கு, அடுத்து அவள் மகள்கள் இருவருக்கு, கடைசியில் ஆண்களுக்கு. பத்து நாளுக்கு முன் அவர்தான் அதை மாற்றினார். பாவம், பல் தேய்ந்துவிட்டது. மற்றதுகள் எலும்பை நொறுக்கி அடங்கட்டும், அந்தச் சத்தமில்லாமல் இவள் கடைசியில் நிதானமாகத் தின்னட்டும் என்று நினைத்தார். நாலாம் நாளிலிருந்து கிழவி கறியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

மருத்துவர் பல், வயிறு, இரத்தம் எல்லாம் பார்த்தார். "நோய்னு ஒண்ணும் தெரியல அண்ணே. வயசாயிடுச்சு. நாளைக்கும் சாப்பிடலைன்னா வலியில்லாம ஊசி போட்டு முடிச்சுடலாம். பட்டினியா சாக விடக்கூடாது."

போதாக்குறைக்கு, அன்றைக்கே மேற்பார்வையாளர் அம்மா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "இந்த முழங்காலோட நாளையிலேர்ந்து நீங்க கயிறு இழுக்க வேண்டாம் அண்ணே. எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு தடவ வந்து பாத்துட்டு கையெழுத்து போடுங்க, போதும்."

அவர் நாற்காலியைத் தொடாமலே வீட்டுக்குப் போனார். அங்கே தட்டை அப்படியே தள்ளி வைத்தார்.

"நல்லதுக்குத்தானே சொன்னாங்க? அதுக்கு ஏன் சாப்பாட்டு மேல கோவம்?" என்றாள் மனைவி.

"நல்லதுக்குத்தான். ஆனா முப்பது வருஷம் முன்னாடி நின்னவன, எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா வான்னா..."

கிழவிக்குத் தான் செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது. தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய் நின்றார். "இன்னிக்கு ஒரு நாள் கயித்த என்கிட்ட விடுங்கம்மா."

மருத்துவர் மருந்துப்பெட்டியோடு வந்து காத்திருந்தார். முழங்கால் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிழவியின் கதவை முதலில் இழுத்தார். மற்ற நான்கும் கம்பிக்குப் பின்னால் முனகின. கிழவி தலையைத் தூக்கினாள். மூடியிருந்த மற்ற கதவுகளை ஒருமுறை பார்த்தாள். அவசரமே இல்லாமல் எழுந்து போய்க் கறியில் வாய் வைத்தாள். பாதிதான் தின்றாள். மருத்துவர் பெட்டியைத் திறக்கவில்லை.

மற்ற கதவுகளையும் இழுத்து முடித்தபோது அவருக்குக் கால் நடுங்கியது. மேற்பார்வையாளர் அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டார். இந்தத் தடவை அவர் மறுக்காமல் உட்கார்ந்தார்.

"நாளையிலேர்ந்து வேற ஆள் இழுக்கட்டும்மா, எனக்கு முடியல. மொதல் கதவு அவளுக்குன்னு மட்டும் எழுதிப் போட்டுடுங்க."