சிவப்புப் புள்ளியும் பூட்டிய பெட்டியும்

துப்பாக்கிக் கடையில் வேலை என்றால் ஏதோ ஆபத்தான தொழில் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது செருப்புக் கடை வேலை மாதிரித்தான். வருகிறவர் எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பார், கையில் பிடித்துப் பார்ப்பார், கடைசியில் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போய்விடுவார். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய உங்களுக்கெல்லாம் இந்த "வீட்டில் கேட்டு" எவ்வளவு பெரிய சுவர் என்று தெரியும். அந்தச் சுவரில் நானே போய் மோதியதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆக்லாந்தில் ஒரு கடையில் கைத்துப்பாக்கிப் பிரிவு என்னுடையது. புது மாடல் வந்தால் கழற்றி, பூட்டி, சுட்டுப் பார்த்து, கடைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பேன். வேலைக்கு ஏற்ற ஆள்தான். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற சாதி நான். வீடு இருக்கிற தகனினியில் இருந்து வேலைக்கு மோட்டர்வேயில் வரும்போது எந்த லேன் வேகமாகப் போகிறது என்று மாறி மாறி, எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்வேன்.

வந்திறங்கியது

விலை கூடிய அந்தப் பிஸ்டல் ஒரே ஒரு துண்டுதான் வந்தது, சோதனைக்காக. முழுக்க எஃகு. மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடை இழுத்தால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போகும். மேலே ரெட் டொட் பூட்டுவதற்குத் தொழிற்சாலையிலேயே வெட்டி விட்டிருந்தார்கள். ரெட் டொட் என்பது சின்னக் கண்ணாடி, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். எந்தக் கம்பெனிக் கண்ணாடியும் பூட்டலாம் என்று பெட்டிக்குள் இடையில் வைக்கிற வேறு வேறு பிளேட்டுகள் வைத்திருந்தார்கள். எனக்கு அன்றே நித்திரை போய்விட்டது.

எனக்கு வேண்டும் என்று முதலாளி கிரஹாமிடம் சொன்னேன். கடையில் கையாளுகிற அனுமதி வேறு, வீட்டில் சொந்தமாக வைத்திருக்கிற அனுமதி வேறு. இரண்டாவதற்கு நான் விண்ணப்பித்து, கிளப்பிலும் சேர்ந்து, மாதக்கணக்கில் காத்திருக்கிறேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து என் மனைவி சுமதியிடம் தனியாகப் பேச வேண்டும். அவள் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கிரஹாம் என்னையும் பிஸ்டலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் அனுமதி வரும்வரை வைத்திருக்கிறேன். அதற்குள் வேறு யாராவது அனுமதியோடு வந்து கேட்டால், விற்றுவிடுவேன். இது கடை, காதலர் பூங்கா இல்லை."

புள்ளியைத் துரத்தியது

கிளென் ஈடனுக்கு அங்கால், மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் கிளப். கடை அனுமதியில் சோதனைப் பிஸ்டலை அங்கே கொண்டுபோன சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. சாதாரணக் குறிகாட்டியோடு சுடும்போது கை நடுங்கினாலும் நடுங்கவில்லை என்று நம்மை நாமே ஏமாற்றலாம். ரெட் டொட் அந்தச் சலுகையைத் தராது. கண்ணாடிக்குள் அந்தப் புள்ளி கரப்பான்பூச்சி மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. பிளேட் தளர்ந்துவிட்டதா என்று திருகைப் பார்த்தேன். உண்மையில் லேசாகத் தளர்ந்துதான் இருந்தது. கழற்றி, பசை வைத்து, அளவாக இறுக்கினேன். அதை அறிக்கையிலும் எழுதிக்கொண்டேன். திரும்ப எடுத்தால் புள்ளி அதே ஓட்டம். பற்றரியை மாற்றினேன், பிடியை மாற்றினேன், நிற்கிற நிலையையும் மாற்றினேன்.

சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் மெரே என்ற அம்மா, காதுமூடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றார். மாவோரி இனத்தவர், பஸ் ஓட்டுகிறவர், குரல் எப்போதும் ஏறாது. நான் பிஸ்டலை வெறுமையாக்கி மேசையில் வைக்கும்வரை பொறுத்திருந்தார்.

"துவக்கில் ஒரு பிழையும் இல்லை, டார்லிங். அது உன் கையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்."

சந்தனம்

நவராத்திரி முடிந்த கையோடு கவுண்டர் என்று குடும்பப்பெயர் கொண்ட அண்ணர் ஒருவர் தன் பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ஃபிஜியில் பிறந்த எலக்ட்ரீஷியன், எங்கள் தகனினிதான். அவருடைய ரெட் டொட்டில் புள்ளி திடீரென்று பூசணிப்பூ அளவுக்கு விரிந்துவிட்டதாம். பிரகாசத்தைக் குறைத்தேன், கண்ணாடியையே கழற்றி வேறு பிளேட்டில் பூட்டினேன். என் மேசை முழுக்கத் திருகுகள். பகல் சாப்பாட்டை மறந்து, தயாரித்தவனுக்குக் கடும் கடிதம் ஒன்று எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு வாசம் வந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். சந்தனம்.

ஆயுத பூசைக்கு அண்ணர் தன் ட்ரில், சுத்தியல், வான் ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, பிஸ்டலுக்கும் சரியாக நெற்றி என்று நினைத்துக் கண்ணாடியிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். பிறகு துடைத்தும் இருக்கிறார், வேட்டி நுனியால். அது மெல்லிய படலமாகப் படிந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை, சிரிக்க எனக்கு முகம் இல்லை. பாதி நாளாக ஒரு பொட்டைப் பழுது பார்த்திருக்கிறேன்.

"ஆயுதபூசைன்னு பேரு வச்சுட்டு, வூட்டுல இருக்கிற ஒரே ஆயுதத்துக்கு வெக்காம வுட்டா எப்படி தம்பி?"

அன்றிரவு சாப்பிடும்போது இதைச் சுமதியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, பூசைக்கு அந்தப் பிஸ்டல் பூட்டியிருக்கிற பெட்டியை யார் திறந்தது என்று கேட்டாள். அவர்தான், சட்டப்படி பெட்டியின் திறப்பு இருக்கும் இடமும் பூட்டு எண்ணும் லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டும்தான் தெரியலாம், மனைவிக்குக்கூடச் சொல்லக்கூடாது என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அந்தச் சோற்றை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

அனுமதியோடு வந்தவர்

அந்தக் கிழமை முடிவதற்குள் நான் பயந்தது நடந்தது. மலேசியாவில் இருந்து வந்து இங்கே பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற செல்வம் ஐயா, கையில் அனுமதியோடு வந்து நின்றார். அவர் சேகரிப்பாளர். இந்த நாட்டுச் சட்டம் ஒரு வேடிக்கை: கிளப்காரன் என்றால் சுடலாம், சேகரிப்பாளர் என்றால் வைத்திருக்கலாம், சுடக்கூடாது. அவர் வாங்கினால் பிஸ்டலில் இருந்து முக்கியமான உறுப்பு ஒன்றைக் கழற்றி வேறிடத்தில் பூட்டிவிடுவார். அந்த ட்ரிகரை அதற்குப் பிறகு ஒருவரும் இழுத்துச் சுடப்போவதில்லை. கண்ணாடி அலமாரியைத் திறக்கும்போது திறப்பு இரண்டு தரம் கீழே விழுந்தது.

ஐயா பல் பார்க்கிற மாதிரியே பார்த்தார். சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்து, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலின் தலையைப் பார்த்தார். நன்றாகத் துடைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் தோட்டாவின் பித்தளை உரசிய ஒரு மஞ்சள் கீற்று அங்கே இருந்தது. இதைச் சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் உண்மை பேசியதில்லை. மழையில் சுட்டேன், வெயிலில் சுட்டேன், பிளேட்டைக்கூடக் கழற்றிப் பூட்டினேன் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் லென்ஸை மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"சுட்டது வேணாம்லா. புதுசா ஒண்ணு வந்தா கூப்பிடு, நீ தொடுறதுக்கு முன்னாடி."

கராஜுக்குப் போகச் சொன்னது

கடைசியில் வீட்டுக்கு வந்த அதிகாரி அம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவராம். நான் வாங்கி வைத்திருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார், அது கொங்கிறீட்டில் இறுக்கியிருப்பதை ஆட்டிப் பார்த்தார், எனக்கு நல்ல பிள்ளை என்ற முகம் காட்டினார். பிறகு சுமதியோடு தனியாகப் பேச வேண்டும் என்று என்னைக் கராஜுக்கு அனுப்பினார். அங்கே நான் ஏற்கெனவே கழுவிய காரைக் கழுவினேன். சுமதி வன்னியில் ஷெல்லடிக்குள் பங்கரில் வளர்ந்தவள். துவக்கு என்றால் அவளுக்கு என்னென்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும், அந்த ஞாபகத்துக்கு முன்னால் என் ஆசை அற்பமானது என்பதும் தெரியும். வேண்டாம் என்று அவள் சொன்னால் வாயைத் திறக்கக்கூடாது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, கதவுப் பக்கம் காதை வைத்தேன்.

கதவு திறந்தது. அதிகாரி அம்மா, உங்கள் விண்ணப்பம் இப்போதைக்கு நிற்கிறது, வீட்டுக்குள் பேசி முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சுமதியைப் பார்த்தேன். பழைய நினைவுகளா என்று மெதுவாகக் கேட்டேன். அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"பழைய நினைவா? உங்கட துவக்குக்கு எனக்குப் பயமில்லை. கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த வீட்டில நான் திறக்கேலாத ஒரு மேசை லாச்சி இருந்ததே? இப்ப ஒரு இரும்புப் பெட்டி, அதுக்கு எனக்கு நம்பர் சொல்லக்கூடாதாம், சரியோ எண்டு அந்த மனிசி கேக்கிறா. சரியில்லை எண்டு சொன்னன்."

புள்ளி நின்ற இடம்

அவள் சொன்னது சரி என்பது எனக்கு அடுத்த நாள் காலை மோட்டர்வேயில் லேன் மாறிக்கொண்டிருந்தபோது உறைத்தது. அதற்கு ஒரே வழி, அவளும் லைசென்ஸ் எடுப்பதுதான். அவள் பரீட்சை எழுதினாள், கிளப்பில் சேர்ந்தாள், சனிக்கிழமைகளில் என்னோடு வந்தாள். பக்கத்து மனுகாவில் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நரம்பே தெரியாத கைகளில் ஊசி ஏற்றுகிற கை. சோதனைப் பிஸ்டலை முதன்முதலில் கொடுத்தபோது, கண்ணாடிக்குள் புள்ளி ஓடுகிறதா என்று கேட்டேன். ஏன் ஓட வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். குண்டெல்லாம் நடுவில் ஒன்றாக விழுந்திருந்த இலக்குத்தாளைப் பார்த்த மெரே என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

பிறகு அதே அதிகாரி அம்மா வந்தார். இந்த முறை சுமதி கராஜில், நான் சோபாவில். உங்கள் மனைவி சுலபமாகக் கோபப்படுவாரா என்று அதிகாரி அம்மா கேட்டார். காரணம் இருந்தால் மட்டும் என்றேன். அவரிடம் துப்பாக்கி இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்றார். என்னிடம் இருப்பதைவிட அவளிடம் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்றேன், மனதாரத்தான் சொன்னேன். அவளுடைய அனுமதி வந்தது. கிரஹாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிஸ்டலை அவள் பெயரில் எழுதினார். இப்போது அது எங்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. எண் அவளுக்கு மட்டும் தெரியும்.

என் விண்ணப்பம் இன்னும் நிற்கிறது. போன கிழமை அதிகாரி அம்மா தொலைபேசி எடுத்து, உங்கள் கணவர் விஷயம் இப்போது எப்படி, சம்மதமா என்று சுமதியிடம் கேட்டார். நான் மேசையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன். சுமதி பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். என்னப்பா, ஓம் எண்டு ஒரு சொல்லுத்தானே என்றேன். அவள் என்னை மேலிருந்து கீழாக, நான் ஒரு புது மாடலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என்ன அவசரம்? நீங்கள் அந்தப் பிஸ்டலை மாதக்கணக்கில சோதிச்சனீங்கள்தானே. நான் இன்னும் சோதிச்சு முடிக்கேல்லை."

துப்பாக்கியை மதிப்பிடுவது சுகமான வேலைதான், அது திரும்பி நம்மை மதிப்பிடாதவரைக்கும்.