பச்சையாகவே நின்ற தண்ணீர்

எனக்கு எழுபத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன்; ஆறுதான் மனிதராக வந்தது. இது ஏழாவது ஆளின் கதை. எனக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவனுடைய மகள்.

நாட்டுச் சண்டை முடிந்த பிறகு அவன் முந்தல் ஊருக்குப் பக்கத்தில் களப்போரக் கண்டல் காட்டை வெட்டி இறால் குளம் தோண்டினான். தோண்டிய சேற்றையே கரையாகக் குவித்தான். அந்தச் சேறு காய்ந்தால் புளிக்கும். மழை பட்டால் புளிப்பெல்லாம் குளத்துக்குள் இறங்கும். அதற்காகத்தான் தண்ணீருக்குச் சுண்ணாம்பு போடுவார்கள். இவனும் முதலில் போட்டான். காலையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, புளிப்பைக் காட்டும் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பான்; பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் புளிப்பு. தினமும் ஒரே பச்சை.

"பச்சையாத்தானே இருக்கு, இனி என்னத்துக்குச் சுண்ணாம்பு?" என்று நிறுத்திவிட்டான்.

அவன் மனைவி, என் மருமகள், விஞ்ஞானம் படித்தவள். குளத்துத் தண்ணீரை ஒரு கிளாசில் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, அதற்குள் தேசிக்காய்ப் புளியைத் துளித் துளியாகப் பிழிந்து காட்டினாள். பச்சை, பச்சை, இன்னும் பச்சை. பிறகு ஒரே துளியில் மஞ்சள்.

"பாத்தீங்களா? கரைஞ்சிருக்கிற சுண்ணாம்புதான் புளிப்பைப் பிடிச்சு வாயுவாக்கி விடுது. அது இருக்கிற வரைக்கும் நிறம் பெரிசா மாறாது. எவ்வளவு மிச்சம் எண்டு நிறம் சொல்லாது. முடிஞ்சா ஒரேயடியா விழும்."

வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தக் கிளாசை வாங்கி அவள் முகத்தில் ஊற்றினான்.

"டீச்சரம்மாட நிறம் மாறுதா பாருங்கடா!"

சிரித்தார்கள். புளி பட்டு அவள் கண் சிவந்தது. முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டுச் சோறு ஆக்கப் போனாள்.

மாரி பிடித்தது. பெரிய மழைக்கெல்லாம் தண்ணீர் பச்சையாகவே நின்றது. அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு வந்த ஒரு சின்னத் தூறலுக்கு, சொட்டு விட்டதும் மஞ்சளானது. சுண்ணாம்பு மூடை தேடி அவன் ஓடித் திரும்புவதற்குள் இறால் செத்துக் கரையெல்லாம் ஒதுங்கிக் கிடந்தது.

"உன்ட வாய்தான் இறாலச் சாகடிச்சது. நீயே அள்ளு!"

நாற்றத்துக்குள் இறங்கி அவ்வளவையும் அள்ளினாள். கை கழுவினாள். பிள்ளையைத் தூக்கினாள்.

"மாமி, நான் போறன்."

"நில்லு புள்ள, நானும் வாறன்."

"உம்மா, நீங்களுமா?" என்றான்.

"ஓம். நீ குளத்தோட இரு."

இன்றைக்கு அந்த ஏழாவது மனிதர் இந்தப் புத்தளத்து வீட்டைத் தேடி வந்து வெளியே வெயிலில் நிற்கிறார். பேச வேண்டுமாம். கதவைத் திறக்காதே, மகளே. எழுதினதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போ. முதலிலிருந்து வாசி. சத்தமாக வாசி.