பி.எஸ்ஸி. டிஸ்கன்டின்யூ

அமெரிக்காவில், எடிசனில் இருந்தபோது என் தோழி மாலதி டேகேரில் வேலை பார்த்துக்கொண்டே ஜி.இ.டி. பாஸ் செய்தாள். பள்ளி இறுதித் தேர்வுக்குச் சமமானது அது. வகுப்புக்கு அவளைக் காரில் கூட்டிப்போனவள் நான். நாளெல்லாம் குழந்தைகளைத் தூக்கிக் களைத்த பிறகும் அல்ஜீப்ராவோடு மல்லுக்கட்டி ஜெயித்தாள்.

ஆனால் வெளியே சொல்ல முடியவில்லை. பத்தாவதோடு நின்றவளை, "பி.எஸ்ஸி. டிஸ்கன்டின்யூ" என்று அவள் கணவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பாஸானதைச் சொன்னால் பொய் உடைந்துவிடும்.

"வெளியில மூச்சு விட்டுடாதே, மானம் போயிடும்" என்றாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் பொங்கல் பாட்லக்கில் ஒரு டாக்டர் ஆன்ட்டி கேட்டார்: "ஏம்மா மாலதி, விட்ட பி.எஸ்ஸி.யை இங்க கன்டின்யூ பண்ணலாமே?"

"பார்க்கலாம் ஆன்ட்டி" என்று கணவர் முந்திக்கொண்டார். நான் கத்த வாயெடுத்தேன். மாலதி என் கையை அழுத்தினாள்.

"நான் காலேஜ் வாசலையே மிதிச்சதில்ல ஆன்ட்டி. டென்த்தோட நின்னுட்டேன். இப்பதான் ஜி.இ.டி. பாஸ் பண்ணேன். இனிமேதான் காலேஜ்."

கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மாலதி நிதானமாகச் சாப்பிட்டாள்.

பிறகு, எம்.ஏ. என்று நாங்கள் நம்பியிருந்த ஒரு பெண் அவளைத் தனியே கூப்பிட்டாள். "அந்த க்ளாஸ் எங்க நடக்குது? நானும் பிளஸ் டூ முடிக்கல" என்றாளாம்.

எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவள் நான். தைரியசாலி என்று பெயர் வேறு. அவளைப் போல, குரலை உயர்த்தாமல் என்னைப் பற்றிய உண்மையைச் சொல்ல எனக்கு வருமா என்று இன்றும் தெரியவில்லை.