கஸ்தூரி பார்க்கும் வட்டம்

பிளாஸ்டிக் ஸ்கேலின் முனையை மைக்ரோஸ்கோப்பின் தட்டில் வைத்துவிட்டுக் கஸ்தூரி குனிந்து பார்க்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பெட்டியில் இருக்குமே, அந்தக் கண்ணாடி போன்ற ஸ்கேல்தான். லென்ஸ் காட்டும் வெளிச்ச வட்டத்துக்குள் மில்லிமீட்டர் கோடுகள் வேலிக்கம்பங்கள்போலத் தடித்து நிற்கின்றன. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எத்தனை இடைவெளி என்று உதடு அசைய எண்ணுகிறார். அப்புறம் ஸ்கேலைத் துடைத்து வைத்துவிட்டு சளி தடவிய அன்றைய முதல் கண்ணாடித் துண்டை எடுக்கிறார். நேற்றும் இதே லென்ஸ்தான், இதே வட்டம்தான். ஆனாலும் அளந்து பார்க்காமல் அவருக்கு வேலை ஓடாது.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும் சின்ன தர்ம மருத்துவமனை அது. இருமலோடு வருகிறவர்களின் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது கஸ்தூரியின் வேலை. நாற்பதைத் தாண்டியவர். விரல் நுனியில் எப்போதும் நீலச் சாயம். ஒரு கண்ணால் லென்ஸில் பார்க்கும்போது மறுகண்ணையும் திறந்தே வைத்திருப்பார். மத்தியானச் சோற்றை வெளியே வேப்பமரத்தடியில்தான் சாப்பிடுவார். ஊருக்குப் பஸ் வந்துவிட்டதா என்று கேட்டால்கூட, "நான் பாத்த வரைக்கும் வரலீங்க" என்றுதான் பதில் வரும். வரவில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டார். முன்பெல்லாம் அப்படி இல்லை என்கிறார்கள் உடன் வேலை செய்கிறவர்கள்.

எண்பத்திரண்டில், ஆசிரமத்துக்கு வந்துபோகும் வெள்ளைக்காரர் ஒருவர் அந்த மைக்ரோஸ்கோப்புக்குப் புது மேல்லென்ஸ் வாங்கிக் கொடுத்தார். கண்ணை வைத்துப் பார்க்கிறோமே, அந்தப் பக்கத்து லென்ஸ். பழையது பூஞ்சை பிடித்து மங்கியிருந்தது. புதிதில் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. கஸ்தூரிக்கு ஒரே சந்தோஷம். சளிக் கண்ணாடியை வட்டம் வட்டமாக நகர்த்தி நூறு வட்டம் பார்க்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. அதே கணக்கில் பார்த்து வந்தார்.

அந்த நாட்களில்தான் தசரதன் வந்தார். வேங்கிக்கால் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அவர் சளியில் கிருமி தெரியவில்லை. "ஒண்ணும் இல்லீங்க, மில்லு தூசியா இருக்கும்" என்றார் கஸ்தூரி. தசரதன் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனார். கார்த்திகை தீபம் முடிந்த வாரம் அவரைக் கட்டை வண்டியில் கொண்டுவந்தார்கள். வேட்டி முழுக்க ரத்தம். இந்த முறை முதல் வட்டத்திலேயே கிருமிகள் சிவப்புக் குச்சிகளாய் இறைந்து கிடந்தன. மருந்து வேலை செய்யும் நிலையில் அவர் உடம்பு இல்லை. பொங்கலுக்கு முன்பே போய்விட்டார்.

கஸ்தூரி அலமாரியிலிருந்து பழைய லென்ஸைத் தேடி எடுத்தார். ஸ்கேலை அடியில் வைத்து, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பழைய லென்ஸில் வட்டத்துக்குள் ஏறக்குறைய இரண்டு இடைவெளி. புதியதில் ஒன்றைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி. உருவம் பெரிதானபோது வட்டம் சுருங்கியிருக்கிறது. கிருமி பார்க்க அடியில் மாட்டும் பெரிய லென்ஸிலும் அதே விகிதம்தான். நீளத்திலும் குறைவு, அகலத்திலும் குறைவு. அப்படியானால் அதே நூறு வட்டத்தில், முன்பு பார்த்த பரப்பில் பாதிகூட அவர் பார்த்திருக்கவில்லை.

டாக்டர் பரசுராமனிடம் போய்ச் சொன்னார்.

"பாதி பாத்துட்டு இல்லன்னு சொல்லிட்டேன் சார்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். "லென்ஸ் மாத்தினதை நானும்தானேம்மா பாத்தேன். எனக்கும் தோணலையே. அன்னிக்கு அவனுக்குக் கிருமி கம்மியா இருந்திருக்கலாம். முழுசா பாத்திருந்தாலும் தெரியாம போயிருக்கலாம்."

"இருந்திருக்கலாம் சார். அந்தக் கண்ணாடிய கழுவிட்டோமே. இனிமே எப்படித் தெரியும்?"

அந்த மாதங்களில் 'இல்லை' என்று திருப்பி அனுப்பியவர்களையெல்லாம் மறுபடி வரச் சொன்னார்கள். வராதவர்களைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் கஸ்தூரியே பஸ் ஏறிப் போனார். இரண்டு பேருக்குக் கிருமி இருந்தது. இருவரும் மருந்து சாப்பிட்டுத் தேறினார்கள். என்னிடம் அதைச் சொல்லும்போதும் அவர் முகம் மாறவில்லை.

கடைசியாகத் தசரதன் வீட்டுக்கும் போனார். போக வேண்டாம் என்று டாக்டர் தடுத்துப் பார்த்தார். தசரதனின் மனைவி எல்லம்மாள் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். கஸ்தூரி நடந்ததை மறைக்காமல் சொன்னார். எல்லம்மாள் தண்ணீர்ச் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்புறம் கேட்டார்:

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொன்ன?"

"உங்களுக்குத் தெரியணும்னு..."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போறேன்? தலையெழுத்துன்னு சொல்லிகினு அழுதுகினு இருந்தேன். இனிமே அழுவும்போதெல்லாம் உன் மூஞ்சிதான வரும்? எழுந்து போம்மா."

கஸ்தூரி எழுந்து வந்துவிட்டார். மருந்து வாங்க அங்கே போய்வரும் என்னிடம் இதைச் சொன்னபோது வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸ் திறந்தபடியே இருந்தது. "அந்தம்மா சொன்னது நியாயம்தாங்க" என்றார். "என் பாரத்த எறக்கி அவங்க தலையில வெச்சிட்டேன்." சோற்றை அப்படியே மூடிவிட்டு உள்ளே போனார்.

போன மாசி மாதம் நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், எல்லம்மாள் தன் மகள் வள்ளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் ஏழாவது படிக்கிறாள். பத்து நாளாக இருமல் நிற்கவில்லையாம். சளி டப்பாவைக் கஸ்தூரி கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார் எல்லம்மாள். வள்ளி அம்மாவின் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரி சளியைக் கண்ணாடியில் தடவிச் சாயம் ஏற்றி, லென்ஸில் தெளிவாகத் தெரிய ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கத் தொடங்கினார். வெளியே இரண்டு பஸ்கள் போயின. டாக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கடைசியில் கஸ்தூரி நிமிர்ந்து, கண்ணாடியில் இருந்த எண்ணெயைத் துடைத்து ஓரமாக வைத்தார். பெஞ்சுக்கு வந்து, கிருமி எதுவும் தென்படவில்லை என்று தாயிடம் மெதுவாகச் சொன்னார்.

எல்லம்மாள் அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா பாத்தியா?"

கஸ்தூரி மேஜைக்குத் திரும்பிப் போய், ஓரமாக வைத்த கண்ணாடியை எடுத்து, அதன்மேல் மறுபடியும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.