மாதேஸ்வரியின் கையும் கெம்பம்மாவின் சேவலும்

மார்பில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த மாதேஸ்வரிக்குச் சாமி வந்திருக்கிறது என்று தொரப்பள்ளி முழுக்கப் பேச்சு. விடிந்ததும் கொல்லைச் சுவரின் முன் நின்று, இடது கையைப் பல்லி மாதிரி ஏற்றுகிறாளாம், முனகுகிறாளாம், சாக்பீஸால் கோடு கிழிக்கிறாளாம். எத்தனையாவது கோட்டில் மழை என்பதுவரை இரண்டு பேர் கணித்துவிட்டார்கள்.

விசாரித்தால், பேச்சு பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவின் மதிலிலிருந்து கிளம்பியிருந்தது. சாமியோ பெங்களூரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. விரல்களைச் சுவரில் மேலே நடக்கவிடு, எட்டிய இடத்தில் கோடு போடு, சும்மா வைத்திருந்தால் தோள் இறுகிவிடும் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். முனகல் மட்டும் மாதேஸ்வரியின் சொந்தச் சரக்கு. அதில் கெம்பம்மாவைப் பற்றியும் நாலு வார்த்தை உண்டு.

மாதேஸ்வரி ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பதினோரு வருடமாகக் களி கிண்டியவள். செவ்வாய்க்கிழமை முந்நூறு பேருக்கு ராகிக் களி. கொதிக்கும் அண்டாவில் மாவு விழுந்ததும் இரண்டு கையாலும் களிக்கோலைப் பிடித்துக் கிண்ட வேண்டும்; கை தயங்கினால் கட்டி தட்டிவிடும். அவள் விடுப்பில் இருந்தபோது அந்தக் கோலைப் பிடித்தவள் அதே கேன்டீனில் வேலை செய்யும் கெம்பம்மா. கட்டிக்குப் பஞ்சமில்லை.

மாதேஸ்வரி வேலைக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"ஒக்காந்து டோக்கன் கிழிங்கக்கா. அந்தக் கை இனிமே ஆவாது."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"அறுத்தது மாரை, தம்பி. கைய இல்ல."

ஹரீஷ்குமார் அவசரமாகக் கூரையை ஆராய்ந்தான். சூப்பர்வைசர் பயிற்சியில் அந்தச் சொல் வரவில்லை போலும்.

மாதேஸ்வரி டோக்கன் கிழித்தாள். ஆனால் நாற்காலி ஒட்டிக்கொண்டால் அண்டா கைவிட்டுப் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் ஒரு ஆழாக்கு மாவில் தொடங்கினாள். பிறகு அரைப்படி, ஒரு படி, இரண்டு படி. மூன்று மாதம் வீட்டில் தினமும் களிதான்.

"இட்லின்னு ஒண்ணு இருந்துச்சே, இந்த வீட்ல?" என்றான் புருஷன் கிருஷ்ணப்பன்.

"இருக்கு. என் கை மேல ஏறட்டும், அதுவும் வரும்."

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோதெரபிப் பெண் தோளைச் சுழற்றிப் பார்த்தாள். வீக்கமில்லை. கிண்டலாம், வலித்தால் நிறுத்து என்றாள்.

அடுத்த செவ்வாய் மாதேஸ்வரி நேராக அண்டாவிடம் போனாள்.

"பேடாடி, வேணாம்," என்று கோலை மறைத்து நின்றாள் கெம்பம்மா. "கட்டியில்லாம நீ கிண்டிட்டீன்னா என் செவப்புச் சேவலை அறுத்துக் கொழம்பு வெச்சுத் தர்றேன்."

"மசாலாவ இப்பவே அரைச்சு வெச்சிக்கக்கா."

மாவு விழுந்தது. ஒரு பக்கம் தட்டையான ரவிக்கையோடு, பஞ்சு வைத்து யாரையும் ஏமாற்றாமல், அவள் கிண்டினாள். இடது தோள் இழுத்தது. கோல் நிற்கவில்லை. கெம்பம்மா உருண்டை உருண்டையாகப் பிட்டுக் கட்டி தேடினாள். ஏழாவது உருண்டையில் அவளுக்கே பசி வந்து, சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது நாற்காலியில் ஹரீஷ்குமார் டோக்கன் கிழிக்கிறான்.

சேவலைக் கேட்டால், "அது இன்னும் எளசுடி" என்கிறாள் கெம்பம்மா. அந்த எளசு தினமும் விடிகாலையில் மதில்மேல் ஏறி ஊரையே எழுப்புகிறது. மாதேஸ்வரி அதன் தொடையை ஒருமுறை கண்ணாலேயே அளந்து பார்த்துவிட்டு, சுவரில் அடுத்த கோட்டைக் கிழிக்கிறாள்.