பச்சை அடித்த சக்கு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வாழப்பாடியிலிருந்து கிளம்பி ஓசூர், கோவை, மறுபடியும் ஓசூர் என்று பட்டறை பட்டறையாக மாறினேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. எல்லா இடத்திலும் இரும்பைக் கடைகிற லேத்து வேலைதான். ஓசூரில் ஒருமுறை, இரும்பைப் பிடித்துச் சுழற்றுகிற சக்கை முறுக்கிவிட்டு, முறுக்கிய சாவியை எடுக்காமல் மோட்டாரைப் போட்டேன். பறந்து வந்த சாவி முன்பல் இரண்டைக் கொண்டுபோனது. அதன்பின் சாவி என் கையில் இருக்கும், இல்லையென்றால் சுவர் ஆணியில் தொங்கும்.

குமாரபாளையத்தில் விசைத்தறிக்கூடம் வைத்திருந்த ஒருவரிடம் சேர்ந்தேன். தறி உதிரிகளைக் கடைந்துகொள்ள மூலையில் ஒரு பழைய லேத்து போட்டிருந்தார். முதலாளிக்குத் தறி அத்துப்படி, லேத்து தெரியாது. ஆயுத பூசைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், லேத்து முழுக்கப் பச்சைப் பெயிண்ட். சக்கில் சந்தனம், குங்குமம்.

ஓர் இரும்புத் தண்டைச் சக்கில் பிடித்து ஓடவிட்டேன். கண்ணுக்குத் தெரியவே ஆடியது.

"போறப்ப எங்கியோ இடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கற. பேரிங் போச்சு," என்றார் முதலாளி. "மெசினை எடைக்குப் போட்டர்றேன். நீயும் பையைத் தூக்கிக்க."

"மத்தியானம் வரைக்கும் விடுங்க மொதலாளி. பேரிங்கா இருந்தா நானே போயிடறேன்."

பேரிங் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடுகிற சக்கின் விளிம்பில் சாக்பீஸைத் தொடவைத்தேன். பச்சையின்மேல் சுற்றிலும் ஒரே கோடு விழுந்தது. தண்டில் தொடவைத்தேன். ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. பேரிங் போயிருந்தால் சக்கும் சேர்ந்து ஆடியிருக்கும். கோளாறு, தண்டைக் கவ்விப் பிடிக்கிற மூன்று ஜாவில்தான்.

கழற்றினேன். ஜா ஒவ்வொன்றிலும் எண் வெட்டியிருக்கும், அது நுழைகிற பள்ளத்தின் அருகிலும் அதே எண் இருக்கும். பள்ளத்து எண்களைப் பெயிண்ட் மூடியிருந்தது. பிளேடால் சுரண்டினேன். இரண்டாம் பள்ளத்தில் இருந்தது மூன்றாம் ஜா.

"இதைக் கழட்டினது யாருங்க?"

முதலாளி தறிப்பக்கம் பார்த்தார். தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

"ஏனுங்க, பூசைக்கு மண்ணெண்ணெயில ஊறப் போட்டுக் கழுவுனது நீங்கதானுங்க? எங்களைக் கிட்டவே உடுலியே!"

"மூணும் ஒரே மாதிரிதான இருந்துச்சு!"

"பாவு இழையும் ஒரே மாதிரிதான் இருக்கு. தறி விழுதுக் கண்ணுல வரிசை மாத்திக் கோத்தா துணி வருமா மொதலாளி?" என்றேன்.

அது அவருக்குப் புரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உள்ளே கிரீஸை வேறு அள்ளி அப்பியிருந்தார். அதில் இரும்புத்தூள் ஒட்டினால், ஜாக்களை நகர்த்துகிற சுருள் தேய்ந்துபோகும். எல்லாவற்றையும் வழித்தெடுத்து, கொஞ்சம் எண்ணெய் மட்டும் விட்டேன். சாவியைத் திருப்ப, சுருளின் முனை முதல் பள்ளத்தில் வந்தது. ஒன்றாம் ஜாவை வைத்தேன். இன்னும் திருப்பி இரண்டு, பிறகு மூன்று. மூன்றும் நடுவில் வந்து ஒன்றையொன்று தொட்டன.

தண்டைப் பிடித்து, சாவியை ஆணியில் மாட்டி, ஓடவிட்டேன். சாக்பீஸை முதலாளி கையில் கொடுத்தேன். அவர் தொடவைக்க, தண்டைச் சுற்றிலும் கோடு விழுந்தது.

"பையைத் தூக்கட்டுங்களா?"

"அட, இரு சாமி," என்றார். "இனிமேட்டு பூசைக்கு லேத்து உம்பட பொறுப்பு. நான் தறிக்குப் பொட்டு வெச்சுக்கறேன்."

அடுத்த பூசைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. பெயிண்ட் அடிக்காமல் சக்கைத் துடைத்து, எண்கள் மறையாதபடி குங்குமத்தை வெளி விளிம்பில் வைத்தேன்.